கடவுச்சொல்லும் இரட்டைப் பூட்டும்

கூட்டுறவுச் சங்கங்களில் பணப்பெட்டிக்கு இரட்டைப் பூட்டு இடும் வழக்கம் நெடுநாளையது. ஒரு சாவி காரியதரிசியிடமும், மற்றொன்று பொறுப்புள்ள வேறொருவரிடமும் இருக்கும். இருவரும் கூடினாலன்றிப் பெட்டி திறவாது. இது எவர் மீதும் ஐயங்கொண்டு செய்த ஏற்பாடு அன்று; ஒருவர் தவறினாலும் பலரின் பொருள் பாழாகலாகாது என்பதே இதன் நோக்கம். இம்முறையை மனத்திற் கொண்டால், இன்று அங்கத்தினர் பலரையும் வாட்டும் கடவுச்சொற் பிரச்சினையை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

தொல்லை யாவரும் அறிந்ததே. பூந்தமல்லிப் பக்கத்துப் பயிர்த்தொழிலாளர் உழவன் செயலியையும் வங்கிக் கணக்கையும் கைப்பேசியிலேயே பார்க்கவேண்டியிருக்கிறது. நெசவாளர் சங்கம் அரசின் மின்னணுச் சந்தையில் துணி விற்கப் பதிவு செய்துகொள்ளவேண்டும். சரக்கு, சேவை வரிக் கணக்கையும் இணையத்தில் செலுத்தவேண்டும். பாடி, அம்பத்தூர் ஆலைகளில் பணிபுரியும் அவர்களுடைய மைந்தருக்கு வருங்கால வைப்புநிதிக் கணக்கு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடவுச்சொல். ஒன்று பெரிய எழுத்து கேட்கிறது. மற்றொன்று எண்ணும் குறியும் கேட்கிறது. வேறொன்று சில மாதங்களுக்கொரு முறை மாற்றச் சொல்கிறது. மறந்தவர், ‘வயதாகிவிட்டது, நமக்கு நினைவாற்றல் போதாது’ என்று தம்மையே நொந்துகொள்கிறார்.

குற்றம் அவருடையது அன்று. 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பலர் பகிர்ந்து பயன்படுத்திய கணினியில், ஒருவர் கோப்பை மற்றவர் காணாதிருக்கக் கடவுச்சொல் புகுத்தப்பட்டது. அன்று ஒருவருக்கு ஓர் இயந்திரம், ஒரு சொல். அது நினைவுக்குப் பாரமாக இல்லை. 2004 ஆம் ஆண்டில் அந்நாட்டின் தரநிர்ணய நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில், பலவகை எழுத்துகளைக் கலக்கவும் அடிக்கடி மாற்றவும் ஆலோசனை கூறப்பட்டது. உலகமெங்கும் அதைப் பின்பற்றினர். விளைவு யாது? மாற்றும்படி வற்புறுத்தப்பட்டவர், பழைய சொல்லின் கடைசியில் 1 இருந்த இடத்தில் 2 என்று இட்டு வந்தார். திருடனும் அதை ஊகித்தான். அவ்வழிகாட்டியை எழுதியவரே 2017 ஆம் ஆண்டில் தம் ஆலோசனைக்காக வருந்தினார். அதே ஆண்டில் அந்நிறுவனம் அவ்விதிகளைக் கைவிட்டது. எனினும் பல வலைத்தளங்கள் இன்னும் பழைய வழியிலேயே நிற்கின்றன.

அங்கத்தினர் செய்யத்தக்கவை ஐந்து.

முதலாவது, கடினத்தினும் நீளமே பெரிது. நான்கு இலக்க எண்ணில் 10,000 சேர்க்கைகளே உண்டு. ஆனால் 2,000 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைக் குருட்டாம்போக்கில் எடுத்தால், 16 லட்சம் கோடி சேர்க்கைகள் ஆகும். ‘புளி, ஆமை, வண்டி, நிலா’ என்பது போன்ற தொடரை ஆங்கில எழுத்தில் இட்டுக்கொள்ளலாம். நினைவில் நிற்கும், ஊகிக்க அரிது. இங்கே அச்சான தொடரையே எவரும் வைத்துக்கொள்ளலாகாது. பழமொழி, பிள்ளை பெயர், பிறந்த நாள் ஆகியவையும் உதவா.

இரண்டாவது, ஒரே சொல்லை எல்லா இடத்திற்கும் வைத்தல் தவறு. யாதோ ஒரு கடையின் பட்டியல் களவுபோனால், அதே சொல் வங்கிக் கணக்கையும் திறந்துவிடும். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் தனிச் சொற்கள் கட்டாயம் வேண்டும். மற்றவற்றைப் புதுப்பிக்கும் வழி பெரும்பாலும் மின்னஞ்சல் மூலமே வருதலால், மின்னஞ்சலே சாவிக்கொத்து என்று கருதுக.

மூன்றாவது, எழுதி வைத்தல் குற்றமன்று. எழுதியதைத் திறந்து போடுதலே குற்றம். தனி நோட்டில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு பூட்டி வைக்கலாம். தூர தேசத்துத் திருடனால் நம் பெட்டியைத் திறக்க இயலாது. வங்கியின் இரகசிய எண்ணை மட்டும் நினைவிலேயே கொள்க.

நான்காவது, இரண்டாம் பூட்டைப் போடுக. கடவுச்சொல் ஒரு சாவி. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. மற்றொரு சாவி. பெட்டிக்கு இரட்டைப் பூட்டு இட்ட முன்னோரின் அறிவே இது.

ஐந்தாவது, அந்த இரண்டாம் சாவியை எவர் கேட்டாலும் கொடாதீர். வங்கி அதிகாரி என்று கூறி அழைத்தாலும் அவர் கேட்பது சாவியையே. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வணிக வங்கிகளுக்கும், அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் சுற்றறிக்கை விடுத்தது. வாடிக்கையாளர் தம் இரகசிய விவரத்தைப் பிறருக்குக் கொடுத்ததால் நேர்ந்த நஷ்டத்தை, வங்கிக்கு அவர் தெரிவிக்கும் வரை அவரே ஏற்கவேண்டும் என்று அதில் கண்டிருந்தது. தெரிவித்த பின் நேரும் நஷ்டம் வங்கியைச் சேரும். ஆகவே, ஏமாந்ததை உணர்ந்தவர் வெட்கத்தால் மறைத்தல் கூடாது. உடனே வங்கிக்கும், 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் அறிவிக்கவேண்டும். கழிகின்ற ஒவ்வொரு நாழிகையும் நஷ்டத்தைப் பெருக்கும்.

இனி, சங்கத்தின் கடமை. 2022 ஆம் ஆண்டில் மத்திய அமைச்சரவை 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க ஒப்புதல் அளித்தது. பேரேடு திரைக்கு மாறுகிறது. ஆனால் பூட்டு முறை மாறியதா? நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களிற் சிலவற்றில், கடவுச்சொல் எழுதிய சீட்டு கணினித் திரையிலேயே ஒட்டியிருக்கக் காண்கிறோம். வேறு சிலவற்றில் எல்லாச் சொற்களும் ஒரே ஊழியரின் தலைக்குள் இருக்கின்றன, ஓ.டி.பி.யும் அவருடைய சொந்தக் கைப்பேசிக்கே செல்கிறது. அவர் நோயுற்றால் சங்கமும் படுத்துவிடுகிறது. வரிக் கணக்கு நாள் தவறி, தாமதக் கட்டணம் ஏறுகிறது. அதை ஒவ்வொரு அங்கத்தினரின் பங்கிலிருந்தே செலுத்துகிறோம் என்பதை மறவாதிருப்போமாக.

நிர்வாகக் குழுக்கள் அடுத்த கூட்டத்தில் கீழ்க்கண்டவற்றை ஆராய்ந்து தீர்மானிப்பது நலம்:

சங்கத்தின் பெயரால் உள்ள இணையக் கணக்குகள் எத்தனை? ஓ.டி.பி. செல்லும் கைப்பேசி எண் சங்கத்தினுடையதா, தனி நபருடையதா? பணம் அனுப்பும் கணக்கில், ஒருவர் பதிய மற்றொருவர் ஒப்புதல் அளிக்கும் முறை உண்டா? கடவுச்சொற்கள் எழுதி, முத்திரையிட்ட உறையில், இரட்டைப் பூட்டுப் பெட்டியில் வைக்கப்பட்டுள்ளனவா? ஊழியர் ஒருவர் விலகும் நாளில் அவற்றை மாற்றும் பொறுப்பு யாருடையது?

இவ்வினாக்களுக்கு விடை கூற இயலாத சங்கம், தன் பணப்பெட்டியின் சாவியைத் தெருவில் வைத்திருக்கிறது என்றே கொள்ளவேண்டும்.