நிரல் ஒன்று, புரோலாக் பல

கேள்வி: ஸ்வி புரோலாக்கில் சரியாக இயங்கும் நிரல், குனு புரோலாக்கில் வேறு விடை தருவது ஏன்? ஒரே நிரலை எல்லாவற்றிலும் இயக்க வழி உண்டா?
– வாசகர், மல்லேசுவரம், பெங்களூரு

பதில்: உண்டு; ஆனால் தரநிர்ணயத்தை மட்டும் நம்பினால் போதாது. உண்மைகளையும் விதிகளையும் எழுதிவிட்டு, விடை தேடும் வேலையைக் கணினியிடம் விடும் தருக்க நிரலாக்கத்தின் முதன்மை மொழியான புரோலாக், 1972-இல் பிரான்சின் மார்செய் நகரில் உருவாயிற்று. அதற்கு ஐஎஸ்ஓ தரம் வந்ததோ 1995-இல்தான். ஜப்பான் தன் ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டத்துக்குத் தருக்க நிரலாக்கத்தை அடித்தளமாகக் கொண்டதும், இந்திய அரசின் அறிவுசார் கணினி அமைப்புகள் திட்டத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சென்னை ஐஐடியும் மையங்களாக விளங்கியதும் இடைப்பட்ட 1980-களில். ஆகவே ஒவ்வொரு செயலாக்கமும், அதாவது மொழியை இயக்கும் ஒவ்வொரு மென்பொருளும், தன் வழக்கங்களை வேரூன்றச் செய்த பின்னரே பொது விதி பிறந்தது. நிரலைத் தொகுதிகளாகப் பிரிக்கும் முறையைப் பற்றி 2000-இல் வெளியான, அத்தரத்தின் இரண்டாம் பகுதியை ஏறக்குறைய யாரும் பொருட்படுத்தவில்லை.

இல்லாத கட்டளையைக் கண்டால் கணினி பிழையென அறிவித்துவிடும்; அது சிறு தொல்லையே. ஓசையின்றி நேரும் மாறுபாடுதான் கொடியது. இரட்டை மேற்கோளுக்குள் எழுதிய சொல்லை குனு புரோலாக் எழுத்துகளின் குறியெண் பட்டியலாகவும், ஸ்க்ரையர் புரோலாக் எழுத்துகளின் பட்டியலாகவும், ஸ்வி புரோலாக் ஏழாம் பதிப்பு முதல் சரம் என்னும் தனி வகையாகவும் கொள்கின்றன. பட்டியலை எதிர்பார்க்கும் விதியிடம் சரம் வந்து சேர்ந்தால் பெரும்பாலும் ‘இல்லை’ என்ற விடையே வரும். புரோலாக்கில் அதுவும் முறையான விடையே ஆதலால், பிழை என்ற ஐயம்கூட எழாது. ‘டபுள் கோட்ஸ்’ என்னும் அமைப்புக் கொடியின் மதிப்பைக் கோப்பின் தலைப்பிலேயே அறிவித்துவிடுவது இதற்குத் தீர்வு.

கோப்பு, நேரம், வலைத்தொடர்பு போன்று செயலாக்கத்துக்குச் செயலாக்கம் வேறுபடுபவற்றை ஒரே கோப்பில் ஒதுக்கி, எஞ்சியதைத் தரத்தின் எல்லைக்குள் எழுதுவது நன்று. பாலோ மோராவின் லாக்டாக் மொழி, ஒவ்வொரு புரோலாக்குக்கும் தனி இணைப்பிக் கோப்பு வைத்து இம்முறையில்தான் பலவற்றின் மேல் இயங்குகிறது. செயலாக்கத்துக்கு ஏற்ற வரிகளை மட்டும் தேர்ந்து சேர்க்கும் நிபந்தனைத் தொகுப்புக் கட்டளைகளை நிரலெங்கும் தூவினால் படிப்போருக்குத்தான் தண்டனை.

ஆயினும், கண்ட விடைகளைச் சேமித்து முடிவற்ற சுழற்சியைத் தவிர்க்கும் அட்டவணையிடல் போன்ற வசதியைச் சார்ந்த நிரல், அவ்வசதி இல்லாத குனு புரோலாக்கில் முடிவின்றிச் சுழலக்கூடும். அத்தகைய நிரலுக்கு ஏற்ற செயலாக்கங்கள் எவை என ஆவணத்தில் வெளிப்படையாக எழுதிவைப்பதே தக்கது.