அந்தமான் மரவீடும் தச்சரறிவும்

தெற்கு அந்தமானில், 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் எனப்படும் போர்ட் பிளேரை அடுத்த சிற்றூர்களுள் ஒன்று சௌல்தாரி. இப்பகுதியின் பழைய குடியேற்ற வீடுகளில் மரச்சட்டம், பலகை அல்லது மூங்கிற்பாய்ச் சுவர், நிப்பா பனையோலை அல்லது தகரக் கூரை ஆகியவை வழக்கமாயிருந்தன. காடு அருகிலிருந்தது, சாத்தம் தீவில் 1883-இல் மர அறுவை ஆலையும் தோன்றியது. படாக் மரத்தின் வைரம் கறையானை எளிதில் ஏற்பதில்லை.

இம்முறையின் சிறப்பை நிலநடுக்கத்தில் காணலாம். அதிர்வின்போது கட்டடத்தின்மீது எழும் விசை அதன் எடையைப் பொறுத்து மிகும். மரவீடு இலேசானது, கழுந்தும் துளையும் பொருந்திய மூட்டுகள் சிறிது அசைந்து விசையை உள்வாங்குகின்றன. 1941 ஜூன் 26-இல் நிகழ்ந்த பெருநிலநடுக்கத்தில் போர்ட் பிளேர்ப் பகுதியின் கற்கட்டடங்கள் பல சேதமுற்றன. செல்லுலார் சிறையும் தப்பவில்லை. எனினும் உளுத்த தூணும் குறுக்குச் சட்டமின்மையும் மரவீட்டையும் வீழ்த்தும் என்பதை மறத்தலாகாது.

இன்று காட்டுமரம் எளிதிற் கிடைப்பதில்லை. உச்ச நீதிமன்றம் 2002-இல் தீவுகளின் மரவெட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. காட்டின் நலனுக்கு இது இன்றியமையாதது. ஆகவே பழைய கலையைக் காத்தல் என்பது பழைய அளவில் மரம் வெட்டுவதன்று. குறைந்த மரத்தை நெடுநாள் உழைக்கச் செய்யும் தச்சரறிவைக் காத்தலே ஆகும். பழைய வீடு பிரிக்கப்படும்போது பலகையை விற்றுப் பணமாக்கலாம். மூட்டு செய்த கையின் அறிவு எழுதப்படாவிடில் அதனோடு அழியும்.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை:

1. தூணின் அடியை மண்ணில் புதையாது கல் அல்லது கான்கிரீட் பீடத்தின்மீது நிறுத்தி, பீடத்துடன் இரும்புப் பட்டையால் பிணைத்தல். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெய்யுமிடத்தில் ஈரமே முதற்பகை.
2. கூரை இறவாணத்தை அகலமாக நீட்டிச் சுவரை நனையாமற் காத்தல்.
3. மூன்று, நான்கு ஆண்டு முற்றிய மூங்கிலையே வெட்டுதல். இளமூங்கிலின் மாச்சத்து துளைவண்டை ஈர்க்கும். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் பூச்சி தாக்குதல் குறையும். இம்மருந்து மழையில் கரையுமாதலால், இம்மூங்கிலைக் கூரைக்கு உட்புறமே பயன்படுத்துக.
4. பிரித்த வீட்டின் நல்ல சட்டங்களை ஆணி நீக்கி மீண்டும் பயன்படுத்துதல்.

ஆசிரியர் செய்விக்கத்தக்க பயிற்சி: மாணவர் தம் ஊரில் எஞ்சியுள்ள மரவீடு ஒன்றைத் தேர்ந்து, அதன் மரங்களின் பெயர், மூட்டுகளின் படம், தூண்களின் இடைவெளி ஆகியவற்றைக் குறிக்கட்டும். முதிய தச்சர் ஒருவரை அழைத்து ஒரு மூட்டை வகுப்பில் செய்து காட்டச் செய்க. ஒவ்வொரு கருவிக்கும் அவர் வழங்கும் சொல்லை அப்படியே எழுதிக்கொள்க. அச்சொல்லும் காக்கத்தக்க செல்வமே.