நொய்யல் வழியே ஒரு கல்விச் சுற்றுலா

பள்ளிக்கூடங்கள் ஆண்டுதோறும் நடத்தும் கல்விச் சுற்றுலாக்கள் எத்தனை ஊர்களைத் தொட்டு வந்தன என்பதைக் கொண்டே பெரும்பாலும் மதிக்கப்படுகின்றன. ஆயினும், கோயம்புத்தூரில் சரித்திரம் போதிக்கும் உபாத்தியாயனாக இருந்து, மாணாக்கரைப் பல திசைகளுக்கும் அழைத்துச் சென்ற அனுபவத்திலிருந்து நான் கொண்டிருக்கும் அபிப்பிராயம், பல இடங்களை அவசரமாகக் காண்பதைவிட ஒரு நதியைத் தேர்ந்துகொண்டு அது போகும் வழியே போவதுதான் சிறந்த கல்வி என்பதாகும். இயற்கை, கலை, தொழில், பழமை ஆகிய அனைத்தும் நீரைச் சார்ந்தே வளர்ந்தவையாதலால், நதியைத் தொடர்கிற பிள்ளைக்கு அவை தனித்தனிப் பாடங்களாகத் தோன்றாமல் ஒன்றோடொன்று இணைந்த ஒரே பாடமாகத் தோன்றுகின்றன. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்து நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் கலக்கும் நொய்யலைக் காட்டிலும் கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு உகந்த பாடநூல் வேறில்லை.

முதலாவது, பயணத்துக்குரிய பருவத்தை அறிந்து புறப்பட வேண்டும். நொய்யல் வற்றாத ஜீவநதி அன்று. கோடையில் சென்றால் வெறும் மணலையும் கழிவுநீரையுமே காண நேரும். மழை பெய்து ஓய்ந்த சமயத்தில், வனத்துறையின் அனுமதியை முன்னதாகவே பெற்று, சாடிவயல் பக்கம் மலையடிவாரத்தில் முதல் நாளைத் தொடங்குவது நலம். பிறகு சித்திரைச் சாவடி அணைக்கட்டுக்கு வந்து, ஆற்று நீர் வாய்க்காலாகப் பிரிவதைப் பிள்ளைகள் தம் கண்ணாலேயே காணும்படி செய்ய வேண்டும். ஒரு குளம் நிரம்பினால் அதன் உபரி நீர் அடுத்த குளத்துக்குப் போகும்படி நம் முன்னோர் அமைத்த ஏற்பாட்டை வகுப்பறையில் எத்தனை முறை விளக்கினாலும் விளங்காத மாணாக்கன், உக்கடம் பெரியகுளத்திலிருந்து வாலாங்குளத்துக்கு நீர் செல்லும் வழியை நடந்து பார்த்தவுடன் தானே பிறருக்கு விளக்கத் தொடங்குவதைக் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, ஓரிடத்தில் நெடுநேரம் நிற்கப் பழக்க வேண்டும். பேரூர்ப் பட்டீசுவரர் ஆலயத்துக் கனகசபையில் உள்ள சிற்பத் தூண்களை ஒரே சுற்றில் பார்த்துவிட்டு வெளியேறும் வழக்கத்தை விட்டு, நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரு தூண் என்று பிரித்துக் கொடுத்து, அதைக் காகிதத்தில் வரையச் சொல்லுங்கள். வரைகிற கண்ணுக்குத்தான் யானை உரித்த மூர்த்தியின் விரல்களில் உள்ள வேகமும், கல்லிலே தொங்கும் சங்கிலியின் நுட்பமும் புலப்படும். அங்கே ஆனி மாதத்தில் நடைபெறும் நாற்று நடவு விழாவையும், இறைவனும் இறைவியும் உழவர் கோலத்தில் வயலில் இறங்கினர் என்னும் ஸ்தல புராண வரலாற்றையும் சொன்னால், காலையில் கண்ட வாய்க்காலுக்கும் இந்தக் கோயிலுக்கும் உள்ள சம்பந்தம் அவர்களுக்குத் தானாகவே விளங்கும்.

மூன்றாவது, உள்ளூர்ப் பெரியோரை ஆசிரியராக ஏற்க வேண்டும். வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு நின்ற முதியவர் ஒருவர், "ஏனுங் கண்ணு, இந்தத் தண்ணி எந்தக் காட்டுக்குப் போவுதுன்னு தெரியுமா?" என்று கேட்டு, மடை திறக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தபோது, என் மாணாக்கர் காட்டிய சிரத்தையை என் வகுப்பில் நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன்.

இரண்டாம் நாளைச் சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலுக்கு ஒதுக்குங்கள். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும், பின்னர்ப் பிறரும் நடத்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், மணிகள் செய்த தொழிற்கூடங்களின் அடையாளங்களும், தமிழ்ப் பிராமி எழுத்தில் மனிதர் பெயர்கள் பொறித்த பானை ஓடுகளும் அங்கே வெளிப்பட்டன. பதிற்றுப்பத்து குறிக்கும் கொடுமணம் இவ்வூரே என்று அறிஞர் கருதுகின்றனர். கோவையை அடுத்த வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் கிடைத்த செய்தியையும் சேர்த்துச் சொன்னால், தம் ஊர் ஆற்றங்கரை கடல் கடந்த வாணிபத்தோடு தொடர்புற்றிருந்தது என்பது மாணாக்கருக்குப் பிரத்தியட்சமாகும். புறப்படும் முன்பே ஒரு விதியைச் சொல்லி வையுங்கள்: தரையில் கிடக்கும் ஓட்டையோ மணியையோ எவரும் எடுக்கலாகாது. ஒரு பொருள் எந்த மண்ணடுக்கில், எதன் அருகே கிடந்தது என்பதிலேதான் அதன் சரித்திரம் இருக்கிறது. பையில் போட்டுக்கொண்டால் அது சாட்சி சொல்லும் தகுதியை இழந்த வெறும் கல்லாகிவிடும்.

நான்காவது, நாட்டின் பெருமையைக் காட்டுகிற நாம் அதன் புண்ணையும் மறைக்கலாகாது. கொடுமணலுக்கு அருகிலேயே இருக்கிறது ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்கென்று கட்டப்பெற்று 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த அந்நீர்த்தேக்கம், திருப்பூர்ச் சாயக் கழிவு வந்து தேங்கிய இடமாயிற்று. உழவர் அந்நீரை நிலத்துக்குப் பாய்ச்ச முடியாமல் வழக்காடினர். கழிவுநீரை முற்றும் சுத்திகரிக்காத சாயப் பட்டறைகளை மூடும்படி 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. இதைச் சொல்லும்போது எவரையும் பகைவராக்கிக் காட்ட வேண்டாம். அத்தொழிலால் பிழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளும் நம் வகுப்பில் இருப்பார்கள். பிழைப்பும் வேண்டும், ஆறும் வேண்டும் என்னும் தர்மசங்கடத்தை அவர்களே விவாதித்து வழிகாண விடுவதே உண்மையான கல்வி.

இறுதியாக, ஊர் திரும்பியதும் தனித்தனிக் கட்டுரைகளை எழுதச் சொல்வதோடு நிறுத்தாமல், வகுப்பு முழுவதும் சேர்ந்து நொய்யலின் ஒரே பெரிய படத்தை வரையும்படி செய்யுங்கள். நீரின் நிறம், கண்ட பறவைகள், ஆகாயத்தாமரை மூடிய குளங்கள், பெரியோர் சொன்ன செய்திகள் ஆகிய அனைத்தையும் நாள் குறித்து அதில் பதிய வேண்டும். அடுத்த ஆண்டு மாணாக்கர் அந்தப் படத்தைக் கையில் கொண்டே புறப்பட்டு, மாறியவற்றை அதன்மேல் குறித்து வருவார்களானால், சுற்றுலா ஓராண்டு வேடிக்கையாக முடியாமல், ஊர்ப் பிள்ளைகள் தம் ஆற்றைக் குறித்துத் தலைமுறைதோறும் எழுதிவரும் ஆவணமாகும்; அத்தகைய ஆவணம் ஒன்று நொய்யல் கரைப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும் என்பதே என் அவா.