பன்றி மாமிசத் துண்டுகளை உப்பு நீரிலும் காடியிலும் ஊறவைத்தல்

பன்றியின் முதுகுப் பாகத்தை விலா எலும்போடு சேர்த்துக் குறுக்காக அறுத்தெடுக்கும் துண்டுகளைச் சாப்ஸ் என்பர். அமெரிக்கா, இங்கிலாந்து முதலிய தேசங்களில் இவற்றைத் தணலின்மேல் கம்பித் தட்டிலிட்டு வாட்டி உண்பது பெருவழக்கு. நல்ல விலை பெறும் பாகம் இதுவாயினும், சிறிது கவனம் தப்பினால் உலர்ந்து சக்கையாகிவிடுவதும் இதுவே. நம் நாட்டில் வெள்ளை யார்க்ஷயர் பன்றிகளை வளர்த்து ஓட்டல்களுக்கு மாமிசம் அனுப்ப விரும்புவோர், வாங்குபவர் இத்துண்டை எவ்வாறு பக்குவம் செய்கிறார் என்பதையும், அப்பக்குவத்தால் ஆகாதது எது என்பதையும் தெரிந்துகொள்வது நலம்.

சாப்ஸ் உலர்ந்துபோவதற்குக் காரணம் சமையற்காரர் மாத்திரமல்லர். முற்காலத்தில் அமெரிக்காவில் போலந்து-சைனா போன்ற இனங்கள் பெரும்பாலும் நெய்க்காகவே வளர்க்கப்பட்டன. இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பின் தாவர எண்ணெய்கள் பன்றி நெய்யின் இடத்தைப் பற்றிக்கொண்டன. கொழுப்புக்கு விலை குன்றவே, பண்ணைக்காரர்கள் கொழுப்புக் குறைந்த பன்றிகளைப் பொறுக்கி விருத்தி செய்தனர். 1987-ல் அந்நாட்டார் தங்கள் சரக்கை ‘மற்றொரு வெள்ளை மாமிசம்’ என்றே விளம்பரம் செய்யத் தொடங்கினர். தசைநாருக்கிடையே ஓடிய கொழுப்பும் இதனால் குறைந்தது. பண்ணையில் நீக்கியதை அடுக்களையில் ஈடுசெய்யும் உபாயமே உப்பு நீரில் ஊறவைப்பது என்று சொல்லலாம்.

பச்சை மாமிசத்தில் நூற்றுக்குச் சுமார் 75 பங்கு நீர்தான். உஷ்ணம் ஏற ஏறத் தசைநார்கள் சுருங்கி அந்நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. உப்பு உட்புகுந்தால் நார்களிலுள்ள புரதங்கள் தளர்ந்து பருக்கும். சிறு பகுதி கரையவுஞ் செய்யும். அவ்வாறு பருத்த நார் நெருப்பிலும் நீரை எளிதில் விட்டுக்கொடாது. மாமிசம் கொஞ்சம் நீரைப் புதிதாகக் குடித்துக்கொள்வதும் உண்டு.

அளவு வருமாறு: 1 லிட்டர் நீருக்கு உப்பு 50 கிராம், சர்க்கரை 25 கிராம். சர்க்கரை சிவக்க வறுபடுவதற்கு உதவும், வேண்டாதவர் விட்டுவிடலாம். உப்பைக் கரண்டியால் அளக்காமல் நிறுத்தே போடவேண்டும். பரல் பெரிதான உப்பில் இடைவெளி மிகுதியாகையால், அதே கரண்டித் தூளுப்பு எடையில் வெகுவாகக் கூடிவிடும். 1 அங்குலக் கனமுள்ள துண்டு 2 மணி நேரமும், 1½ அங்குலத் துண்டு 4 மணி நேரமும் ஊறினால் போதும். மிகுதியும் ஊறினால் நன்மை மிகும் என்றெண்ணி நான் ஒருமுறை இராமுழுதும் வைத்துப் பார்த்ததில், துண்டு கருவாட்டுக்கு அண்ணனாய் வந்தது. அந்நாட்டுக் கடைகளில் முன்னரே உப்பு நீர் ஏற்றிய மாமிசமும் விற்பதுண்டு. அதை மறுபடி ஊறவைக்கலாகாது.

ஊறும் நேரமெல்லாம் பாத்திரம் குளிர்ப்பெட்டியில் 4 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழ் இருக்கவேண்டும். இவ்வளவு மெல்லிய உப்பு நீர் மாமிசத்தைக் கெடாமற் காக்காது. நெடுநாள் வைக்க உப்பிட்டுப் பதப்படுத்துவது வேறு வித்தை. இரண்டையும் ஒன்றெனக் கருதிச் சித்திரை வெயிலில் திறந்த கூடத்தில் வைப்பவர் வீண் நஷ்டமும் வயிற்று நோயும் அடைவர்.

காடி, எண்ணெய், பூண்டு, மிளகு முதலியவற்றிற் புரட்டி வைப்பது மற்றொரு முறை. போர்த்துக்கீசியர் திராட்சை மதுவும் பூண்டும் கூட்டி மாமிசத்தை ஊறவைத்த வழக்கமே கோவாவில் தென்னங்கள்ளின் காடியும் மிளகாயும் சேர்ந்து விந்தாலு ஆயிற்று. இம்முறையில் ருசி உண்டு, ஆனால் ஆழமில்லை. உப்பு மாத்திரமே உள்ளே செல்லும். காடியும் மசாலையும் மேற்புறத்துச் சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். புளிப்பு மிகுந்தால் மேற்புறம் மாவாகும். பப்பாளிக்காய்ப் பாலும் அன்னாசிச் சாறும் நாரையே கரைப்பன. அரை மணிக்கு மேல் வைக்கலாகாது. புளிப்புள்ள ஊறலுக்குக் கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் பாத்திரங்களே தக்கவை. ஈயம் பூசாத பித்தளையும் அலுமினியமும் உதவா.

வாட்டுமுன் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிடவேண்டும். ஈரம் இருந்தால் துண்டு வேகுமேயன்றிச் சிவக்காது. ஓரத்துக் கொழுப்பை இரண்டு மூன்றிடத்தில் கீறிவிட்டால் துண்டு சுருண்டு கிண்ணம்போல் ஆகாது. தணலை அடுப்பின் ஒருபுறமாய்க் குவித்து, அதன்மேல் இருபக்கமும் சிவந்தபின், தணலில்லாத புறத்துக்குத் தள்ளி மூடிவைப்பது நன்று.

உப்பு நீர் எல்லாத் துண்டையும் திருத்திவிடாது. அடிபட்டும், வெயிலில் ஓட்டப்பட்டும், அந்நியப் பன்றிகளோடு அடைக்கப்பட்டுச் சண்டையிட்டும் வந்த பன்றியை உடனே அறுத்தால், உடற்சூடு தணியுமுன்னரே தசையில் அமிலம் விரைந்து ஏறும். மாமிசம் வெளுத்துத் தளர்ந்து நீர் கசியும். அதன் புரதம் முன்பே கெட்டுப்போனமையால், ஊறலில் நீரைப் பிடித்துக்கொள்ளும் சக்தி அதற்கில்லை. ஆதலின் பன்றிகளைக் குளிர்ந்த வேளையில் ஏற்றியனுப்பி, நிழலில் நீர் காட்டி இளைப்பாற்றியபின் அறுப்பிப்பது வளர்ப்பவருடைய பொறுப்பு.

இனி நோயைப்பற்றி. உப்பு நீரிலோ காடியிலோ சில மணி நேரம் ஊறுவதால் நாடாப்புழுவின் கட்டிகள் சாவதில்லை. அவற்றைக் கொல்வது உஷ்ணமே. அமெரிக்க விவசாய இலாகா 2011-ல் பரிசோதனைக்குட்பட்ட மாமிசத் துண்டுக்கு உள் உஷ்ணம் 63 டிகிரியும், அடுப்பிலிருந்து எடுத்தபின் 3 நிமிஷ ஓய்வும் போதும் என்று விதித்தது. அதற்கு முன் 71 டிகிரி என்றிருந்தது. பன்றி எங்கே மேய்ந்ததென்று தெரியாத இடத்தில் பழைய 71 டிகிரியையே கைக்கொள்ளுதல் உசிதம். உஷ்ணமானியின் நுனியை எலும்பில் படாதபடி துண்டின் கனமான இடத்தில் நடுவே செலுத்திப் பார்க்கவேண்டும்.

கட்டியுள்ள மாமிசத்தை அரைவேக்காடாய்த் தின்றவர் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அவர் மலத்தோடு வெளியேறும் முட்டைகளைத் தின்ற பன்றிக்குத் தசையில் கட்டிகள் உண்டாகின்றன. அம்முட்டைகள் அசுத்தமான கையாலோ காய்கறியாலோ மனிதன் வயிற்றிற் சென்றால், மூளையில் கட்டி தங்கி வலிப்பு நோய் வரும். மாமிசமே உண்ணாத வீட்டாருக்கும் இது நேரிடலாம். எனவே இது பன்றி வளர்ப்போர் விஷயம் மட்டுமென்று கிராம உத்தியோகஸ்தர்கள் எண்ணலாகாது. பன்றிகள் கொட்டிலில் அடைபட்டிருக்கின்றனவா, கக்கூஸ் இல்லாத வீடுகள் எவை என்பதை அவர்கள் கவனித்துவர வேண்டும். அறுத்த மாமிசத்தில் ஜவ்வரிசி போன்ற வெண்கட்டிகள் தென்பட்டால் விற்பனையை நிறுத்தி உடனே கால்நடை வைத்தியருக்குத் தெரிவிக்கவேண்டும்.