இடி இடிக்கையில் எங்கே ஒதுங்குவது?

கோடை மழை திடீரென இடியோடு இறங்குகிறது. வயலில் நிற்கும்போது புளியமரத்தடியில் ஒதுங்கலாமா?
– விவசாயி, விருத்தாசலம் வட்டம்

வேண்டவே வேண்டாம். மரத்தில் இறங்கும் மின்னல் அடிமரத்திலிருந்து பக்கத்தில் நிற்பவர் மீது பாயும். வேர் வழியே தரையிலும் பரவும். மழையில் நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம், நனைந்தபடியே வீட்டுக்கு நடங்கள்.

கான்கிரீட் வீடு நல்லது. கண்ணாடி ஏற்றிய வேன், பேருந்தும் நல்லதே. கூண்டில்லாத டிராக்டர், பைக், தகரக் கொட்டகை உதவாது. மோட்டார் சுவிட்சையும் கம்பி வேலியையும் தொடாதீர்கள்.

உங்கள் மாவட்டத்தில் நடந்ததே போதும். 2025 அக்டோபரில் வேப்பூரை அடுத்த கழுதூரில் மக்காச்சோள வயலில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பெண்கள் மின்னல் தாக்கி இறந்தார்கள். இடிச்சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறீர்கள். முதல் இடிக்கே கூலியாட்களையும் கரையேற்றிவிடுங்கள்; அரை நாள் வேலை போனால் போகட்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே மறுபடி வயலில் இறங்குங்கள்.

புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி, சுற்றுவட்டாரத்தில் மின்னல் வரவிருப்பதை முன்கூட்டியே சொல்லும். இலவசம்தான், இன்றே கைபேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்காது. பயப்படாமல் தொடலாம். 108-ஐ அழையுங்கள், மூச்சில்லை என்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் அழுத்தி அழுத்தி விடுங்கள். அந்தச் சில நிமிடங்களில் பிழைத்தவர்கள் உண்டு.