மணியின் சங்கிலி

தாராவியில், மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் ஒரு சந்து. அந்தச் சந்தில் ஓர் இட்லி வியாபாரியின் வீடு. ஒரே அறை. வாசலில் ஒரு தண்ணீர் டிரம். டிரம்முக்குப் பக்கத்தில் மணி கட்டிக் கிடந்தது. மணி அவர்கள் வளர்க்கும் நாய். சங்கிலியின் நீளம் இரண்டடி.

குட்டியாக இருந்தபோது மணி எல்லோர் மடியிலும் தூங்கியது. வளர்ந்ததும் வாசலில் கட்டினார்கள். காலையில் கட்டினால் இரவில்தான் அவிழ்ப்பார்கள். சில நாள் அதுவும் இல்லை. போகிறவர், வருகிறவர் எல்லோரையும் பார்த்து மணி குரைத்தது. தன் முன்னங்காலையே நக்கி நக்கிப் புண்ணாக்கிக் கொண்டது. "காவலுக்கு நல்ல நாய்" என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். புண்ணை யாரும் பார்க்கவில்லை.

ஒரு நாள் வீட்டுச் சிறுமி மணியைக் கட்டிப்பிடித்தாள். மணி உறுமியது. அவள் விடவில்லை. மணி கையைக் கடித்துவிட்டது.

தாய் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவினார். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கவில்லை. நேரே சயான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். சிறுமிக்குத் தடுப்பூசி போட்டார்கள். அவர் செய்தது மிகவும் சரி. வெறிநோய் வந்துவிட்டால் உயிர் பிழைப்பது அரிதிலும் அரிது.

தகப்பனாருக்குக் கடுங்கோபம். "இதைச் செம்பூர்ப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்திடறேன்" என்றார்.

"பத்து நாள் நாயைக் கவனிக்கச் சொல்லியிருக்காங்க. விட்டுட்டா எப்படிக் கவனிக்கிறது? முதல்ல மாட்டு டாக்டர்கிட்ட காட்டுவோங்க" என்றார் மனைவி.

மருத்துவர் மணியின் காலைப் பார்த்தார். பிறகு சங்கிலியைப் பற்றிக் கேட்டார்.

"பயந்த நாய்க்கு இரண்டு வழி உண்டும்மா. ஒன்று, விலகிப் போகும். முடியாவிட்டால் கடிக்கும். நீங்க முதல் வழியை அடைச்சிட்டீங்க. உறுமினது எச்சரிக்கை. அதற்காக அடிக்காதீங்க. அடிச்சா, அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்" என்றார்.

நாயைக் கட்டிப் போடுவது பற்றிச் சட்டமும் உண்டு. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் அது. மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதும் குற்றம். வளர்த்த நாயைக் காரணமின்றி எங்காவது விட்டுவிட்டு வருவதும் குற்றந்தான்.

அப்படியானால் நாயைத் தெருவில் அவிழ்த்து விட்டுவிடலாமா? கூடாது. லாரி இருக்கிறது. வேறு நாய்களின் சண்டை இருக்கிறது. நாய்க்குச் சுதந்திரம் என்பது, சின்னச் சின்ன விஷயங்களைத் தானே தீர்மானிக்க விடுவது. எதை மோப்பம் பிடிப்பது? எங்கே படுப்பது? யாரிடம் போவது?

மோப்பம் நாய்க்குப் பெரிய விஷயம். நாம் கண்ணால் ஊரைப் பார்க்கிறோம். அது மூக்கால் பார்க்கிறது. ஆராய்ச்சியாளர்கள் இருவர் 2019இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சில நாய்களுக்கு இரண்டு வாரம் மோப்பம் பிடித்துத் தேடும் விளையாட்டுக் கொடுத்தார்கள். வேறு சில நாய்களை எஜமானின் காலோடு ஒட்டி நடக்கப் பழக்கினார்கள். பிறகு, உணவு இருக்குமோ இருக்காதோ என்ற இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்தார்கள். மோப்பம் பிடித்த நாய்கள் முன்பைவிட வேகமாக, நம்பிக்கையோடு கிண்ணத்திடம் போயின.

இட்லி வியாபாரியின் வீட்டில் விடியற்காலையிலேயே அடுப்பு எரியும். இட்லி வேகும் நேரத்தில் மூத்த மகன் மணியை வெளியே கூட்டிப் போகத் தொடங்கினான். சங்கிலி இல்லை, நீளமான கயிறு. அந்த நேரத்தில் சந்தில் கூட்டம் இல்லை. ஒரு விளக்குக் கம்பத்தை மணி ஐந்து நிமிடம் முகர்ந்தது. அவன் இழுக்கவில்லை. பாதை பிரியும் இடத்தில் மணி திரும்பிய பக்கமே அவனும் திரும்பினான். முதல் வாரம் அவனுக்குச் சலிப்பாகத்தான் இருந்தது.

வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கு விரித்தார்கள். மணி அங்கே போய்விட்டால் யாரும் இழுக்கக் கூடாது என்று தாய் சொல்லிவிட்டார். பத்து நாள் கழிந்தது. மணிக்கு நோய் இல்லை. வெறிநோய்த் தடுப்பூசி போட்டார்கள். இனி ஆண்டுதோறும் போட வேண்டும். மாநகராட்சி உரிமமும் வாங்கினார்கள்.

கால் புண் ஆறிவிட்டது. சிலிண்டர் கொண்டுவருபவரைக் கண்டால் மட்டும் மணி இன்னும் குரைக்கிறது. சிறுமி கூப்பிட்டால் சில சமயம் வரும். சில சமயம் கட்டிலுக்கு அடியிலிருந்து வாலை மட்டும் ஆட்டும்.

"சரி, தூங்குடா" என்று அவளும் விட்டுவிடுகிறாள்.