தொழிற்சாலை வழக்கமும் சுற்றுப்புறத் தூய்மையும்

ஒரு தொழிற்சாலையின் புகையும் கழிவுநீரும் பொறிகளின் தரத்தை மட்டும் பொறுத்தவை அல்ல. எதில் சிக்கனம் செய்வது, எதை உடனே பழுது பார்ப்பது, யாருடைய எச்சரிக்கைக்குச் செவிசாய்ப்பது என்பவற்றில் அங்கு நிலைபெற்றுள்ள வழக்கத்தையும் அவை பொறுத்துள்ளன. இவ்வழக்கமே நிறுவனத்தின் பண்பாடு எனப்படும்.

போபால் நகரிலிருந்த யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலை இதற்குத் துயரமான சான்றாகும். 1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் இரவு, மீதைல் ஐசோசயனேட் நிரம்பிய தொட்டியினுள் நீர் புகுந்தது. வெப்பமும் அழுத்தமும் மிகுந்து, ஏறக்குறைய 40 டன் நச்சுவாயு வெளியேறி நகரின்மீது பரவியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

அங்கே பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமலில்லை. தொட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருந்தால் வேதிவினை மெதுவாகவே நடைபெறும். ஆனால் குளிரூட்டும் பொறி அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்தழிக்கும் கோபுரத்திற்குச் செல்லும் குழாயின் ஒரு பகுதி பழுதுபார்ப்பதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. வேலையாட்களின் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டிருந்தது. இவை அனைத்தும் விபத்துக்கு முன்னரே, ஒவ்வொன்றாக, அன்றாட நிர்வாக முடிவுகளாக நிகழ்ந்தவை.

இதற்கு மாறான வழக்கமும் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள த்ரீ எம் நிறுவனம், மாசைத் தடுப்பது ஆதாயம் தரும் என்னும் கொள்கையில் 1975-இல் ஒரு திட்டம் தொடங்கியது. பொருளின் சேர்க்கையை மாற்றுதல், செய்முறையைத் திருத்துதல், பொறியை மாற்றியமைத்தல், கழிவை மீண்டும் பயன்படுத்துதல் ஆகிய வழிகளை ஊழியர்களே ஆராய்ந்து கூறினர். கழிவும் செலவும் ஒருங்கே குறைந்தன. ஆயினும் அந்நிறுவனம் தயாரித்த, எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்கள் குடிநீரில் கலந்தது குறித்த வழக்குகளில், பெருந்தொகை செலுத்த அது 2023-இல் இசைந்தது. ஆதாயம் உள்ள இடத்தில் மட்டும் தூய்மை பேணுவது போதாது என்பது இதனால் விளங்கும்.

போபால் விபத்துக்குப் பின் இந்தியாவில் 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1987-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், அபாயகரமான தொழிற்சாலைகளில் தொழிலாளரும் நிர்வாகத்தினரும் சம எண்ணிக்கையில் அமர்ந்த பாதுகாப்புக் குழுவை அமைக்க வழிசெய்தது. உடனடி அபாயத்தைக் குறித்து நிர்வாகத்திற்கும் ஆய்வாளருக்கும் அறிவிக்கும் உரிமையையும் அது தொழிலாளருக்கு வழங்கியது.

சட்டம் பேசும் உரிமையை அளிக்கும். பேசியவரின் சொல்லுக்கு மறுநாளே பலன் உண்டா என்பதைத் தொழிற்சாலையின் வழக்கமே முடிவு செய்கிறது. நின்றுபோன பாதுகாப்புப் பொறி எத்தனை நாள் பழுதாகவே விடப்படுகிறது என்று கணக்கிட்டால், அந்நிறுவனத்தின் பண்பாடு தெளிவாகும்.